பேர் சொல்லும் மலைநாடு

நுவரெலியாவுக்குச் சென்று திரும்புவோர் பெரும்பாலும் ஒரே வகையான வியப்புகளையே சொல்லக் கேட்கிறோம். 1894ஆம் ஆண்டில் எழுந்த செங்கல் அஞ்சலகம் இன்னும் அழகு குன்றாது நிற்கிறது என்பர். கிறெகரி வாவி இயற்கையாய் அமைந்ததன்று, அப்பெயர் கொண்ட தேசாதிபதியின் காலத்தில் 1873இல் வெட்டப்பட்டது என்பர். ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டு வீழ்த்தியவராகச் சொல்லப்படும் மேஜர் றொஜர்ஸ் 1845இல் மின்னல் தாக்கி மாண்ட கதையும், அவருடைய கல்லறையையும் மின்னல் விடவில்லை என்ற கதையும் அங்கே தவறாமல் சொல்லப்படும்.

இவையெல்லாம் கேட்கத் தக்கனவே. ஆயினும், தமிழ் கற்ற ஒருவர் அம்மலைகளிடையே நான்கு நாள் நடந்தால், அவர் செவியில் விழும் வியப்பு வேறு. அது பெயர்களைப் பற்றியது. 1946இல் வெளிவந்த ‘தமிழகம் – ஊரும் பேரும்’ என்னும் நூலில் இரா. பி. சேதுப்பிள்ளை அவர்கள், ஊர்ப்பெயர் ஒவ்வொன்றும் ஒரு வரலாற்றுச் சுவடி என்பதை நமக்குக் காட்டினார். அந்தக் கண்ணோடு நுவரெலியா, அட்டன் பகுதிகளைப் பார்ப்போமாக.

வைக்கோல் பேதுருவானது

ஈழத்தின் மிக உயர்ந்த மலையிலிருந்தே தொடங்கலாம். நுவரெலியா நகரத்துக்கு மேலே, கடல்மட்டத்திலிருந்து 2,524 மீற்றர் உயரத்தில் அது நிற்கிறது. சிங்களத்தில் அதன் பெயர் ‘பிதுருதலாகல’. பிதுரு என்றால் வைக்கோல், தலா என்பது மேட்டுநிலம், கல என்பது பாறை எனப் பொருள் கூறுவர். ஆங்கிலேயரின் நாவுக்கு இது நீண்ட பெயராகத் தோன்றியது. ஆதலால் அவர்கள் அதனைப் ‘பெட்ரோ’ என்று சுருக்கிக் கொண்டனர். பெட்ரோ என்பதோ போர்த்துக்கேயர் தம் பிள்ளைகளுக்கு இட்டு வழங்கும் பெயர். தமிழில் எழுதியோர் அம்மலையைப் ‘பேதுருதாலகாலை’ என்றனர். பேதுரு என்றதும் நம் நினைவில் வருபவர் இயேசுநாதரின் தலைமைச் சீடர். இவ்வாறு வைக்கோற் பாறையொன்று, ஒரு சமயமும் மாறாமல், இருந்த இடத்திலிருந்தே திருத்தொண்டராகிவிட்டது! மலையடியில் உள்ள பெட்ரோ தோட்டத்தைத் தொழிலாளர் ‘பீட்று’ என்பர்.

அறுபத்துநான்கில் அடங்காத கலைகள்

மலைநாட்டு இருப்புப்பாதையில் முதன்முறை பயணஞ் செய்யும் தமிழர் சிலர், கொட்டகலை, தலவாக்கலை என்ற பெயர்ப்பலகைகளைக் கண்டு, “ஆயகலைகள் அறுபத்துநான்கில் இவை எந்தக் கலைகள்?” என்று நகையாடுவதுண்டு. லபுக்கலையும் இராகலையும் சேர்ந்தால் நகைப்பு இன்னும் மிகும். உண்மை யாது? கொட்டகலையிலும் இராகலையிலும் உள்ளது, பாறையைக் குறிக்கும் ‘கல’ என்னும் சிங்களச் சொல். தலவாக்கலையிலும் லபுக்கலையிலும் உள்ளது, காட்டைக் குறிக்கும் ‘கெலே’ என்னும் சொல். லபு என்றால் சுரைக்காய். ஆகவே லபுக்கலை, கலையன்று, சுரைக்காடு!

இங்கே ஒரு நுட்பம் கவனிக்கத் தக்கது. வடமொழிச் சொல்லின் ஆகார ஈறு தமிழில் ஐகாரமாகத் திரியும் என்பது நன்னூலார் வகுத்த விதி. மாலா மாலையானதும், சாலா சாலையானதும் அதனாலேயே. தென்பாண்டியிலிருந்தும் சோழ நாட்டிலிருந்தும் கோப்பித் தோட்டத்துக்கு வந்த ஏழை மக்கள் நன்னூலைக் கண்ணாலும் கண்டதில்லை. ஆனால் அவர்கள் வழங்கும் பெயர்களில் கல கலையாயிற்று, கெலே கலையாயிற்று, வெல வளையாயிற்று, பொல பளையாயிற்று. கந்தப்பளையில் கந்தவேளைக் காண்பவர்கள் உண்டு. அது சிங்களத்துக் ‘கந்தப்பொல’ என்பதன் திரிபே. புலவர் வடமொழிக்குச் செய்த வேலையை, எழுத்தறியாத நாவுகள் சிங்களத்துக்குச் செய்து முடித்தன. மொழியின் இலக்கணம் ஏட்டில் பிறப்பதில்லை, மக்கள் நாவில் பிறந்து ஏட்டில் ஏறுகிறது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

அரண்மனைப் பெயரும் பத்தடி அறையும்

மூன்றாவது வகைப் பெயர்கள், கடல் கடந்து வந்தவை. தோட்டம் திறந்த துரைமாரிற் பலர் ஸ்கொத்லாந்து நாட்டவர். பனியும் குளிரும் அவர்களுக்குத் தாய்நாட்டை நினைவூட்டியிருக்க வேண்டும். காட்டை வெட்டிய இடங்களுக்கெல்லாம் தம் ஊர்ப் பெயர்களையே இட்டார்கள். அட்டன் என்று நாம் வழங்கும் ஹட்டன், அந்நாட்டின் அபடீன் பகுதியிலுள்ள ஒரு சிற்றூரின் பெயர் என்பர். நானுஓயாவுக்கு அருகே எடின்பரோ இருக்கிறது. அக்கரப்பத்தனைப் பக்கம் கிளாஸ்கோ இருக்கிறது. அதே பக்கத்தில் வேவர்லி தோட்டம் உண்டு. அது சேர் வால்டர் ஸ்கொட் 1814இல் வெளியிட்ட நாவலின் பெயர்.

பூண்டுலோயாவில் உள்ள டன்சினன் தோட்டத்தின் பெயரை ஆங்கில இலக்கியம் கற்றோர் உடனே அறிவர். சேக்ஸ்பியரின் ‘மக்பெத்’ நாடகத்தில், காடு ஒன்று டன்சினன் குன்றை நோக்கி நடந்து வரும் நாளிலேயே மக்பெத் வீழ்வான் என்பது முன்னறிவிப்பு. பகைவர் மரக்கிளைகளை ஏந்தி வருகையில் காடே நடந்து வருவதாகத் தோன்றும். நாடகத்து டன்சினனுக்குக் காடு நடந்து வந்தது. நம் டன்சினனிலோ காடு வீழ்ந்தது, மனிதர் நடந்து வந்தனர்.

தலவாக்கலைக்கு அருகே உள்ள ஹோலிரூட், எடின்பரோ நகரத்து அரச மாளிகையின் பெயர். அக்கரப்பத்தனையில் உள்ள பெல்மோரல், விக்டோரியா மகாராணியார் விரும்பித் தங்கிய கோட்டையின் பெயர். இப்பெயர்களைக் கொண்ட தோட்டங்களில் பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவான லயத்து அறைகளில் தலைமுறை தலைமுறையாகக் குடும்பங்கள் வாழ்ந்தன. பெயர் அரண்மனை, இருப்பு ஒற்றையறை!

ஆங்கிலத்தில் ஏறிய தமிழ்

துரைமாரின் சொற்கள் தமிழில் புகுந்ததை எல்லோரும் அறிவர். தமிழ்ச் சொற்கள் துரைமாரின் மொழியில் ஏறியதைப் பலர் அறியார். தோட்டத்து ஆங்கிலேயர் தம்முள் பேசும்போதும் எழுதும்போதும் தலைமை அதிகாரியைப் ‘பீ.டீ.’ என்றும், துணை அதிகாரியை ‘எஸ்.டீ.’ என்றும் குறித்தனர். இவ்வெழுத்துகள் எந்த ஆங்கிலச் சொற்களின் சுருக்கம்? எதனதும் அன்று. பெரிய துரை, சின்னத் துரை என்பவற்றின் முதலெழுத்துகளே அவை! கண்காணிப்பவன் என்னும் பொருளுடைய கங்காணி ஆங்கிலச் சொல்லாயிற்று. தொழிலாளி ஒரு தோட்டத்தை விட்டு மற்றொரு தோட்டத்துக்குச் செல்லும்போது அவன் தலைமேல் ஏறிய கடன் தொகை எழுதப்பட்ட சீட்டைத் ‘துண்டு’ என்றனர். அக்கொடிய முறையை ஒழித்த 1921ஆம் ஆண்டுச் சட்டத்திலும் ‘துண்டு’ என்னும் தமிழ்ச் சொல்லே நின்றது.

சின்னத் துரைமார் தமிழ் கற்பதற்கென அக்காலத்தில் கைந்நூல்கள் அச்சாயின. அவற்றுள் ஒன்றன் பெயர் ‘இங்கே வா’ என்பது. நாம் ‘அறம் செய விரும்பு’ என்று தொடங்கிக் கற்ற மொழியை, அவர்கள் ‘இங்கே வா’ என்று தொடங்கிக் கற்றார்கள். ஒரு நூலின் தலைப்பே ஒரு நூற்றாண்டின் கதையைச் சொல்லிவிடுகிறது.

தமிழில் எழுந்த நூலொன்றின் கதையும் வியப்புக்குரியது. ஆபிரகாம் ஜோசப் என்பார் இயற்றிய ‘கோப்பிக் கிருஷிக் கும்மி’ 1869இல் வெளிவந்தது. கோப்பிப் பயிர்ச்செய்கையைப் புகழ்ந்து, தொழிலாளரை ஊக்கமாய் உழைக்கத் தூண்டும் பாட்டு அது. மலையகத் தமிழ் இலக்கியத்தின் தொடக்க நூல்களுள் ஒன்றாக அறிஞர் அதனைக் கொள்வர். அதே 1869இல்தான் கோப்பி இலையில் செம்மஞ்சள் நிறப் புள்ளிகளாய் இலைத்துரு நோய் இந்நாட்டில் கண்டறியப்பட்டது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பித் தொழில் குலைந்தது. பயிருக்குக் கும்மி பாடிய ஆண்டிலேயே அதன் சாவோலையும் வந்து சேர்ந்தது.

பெயர் தாங்கியோரும் பெயரின்றிச் சுமந்தோரும்

கோப்பி வீழ்ந்தபின் தேயிலை எழுந்தது. லூல்கந்துர தோட்டத்தில் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டவர் ஜேம்ஸ் டெயிலர் என்னும் ஸ்கொத்லாந்துக்காரர். தொழிலாளர் அவரைச் ‘சாமித்துரை’ என்றழைத்தனர். அவர் 1892இல் இறந்தபோது, பேருடல் படைத்த அவரைக் கண்டி மகையாவை இடுகாட்டுக்குச் சுமந்து சென்றவர்கள் அவர்களே. பன்னிருவர் கொண்ட இரண்டு குழுவினர், நான்கு மைலுக்கு ஒருமுறை தோள் மாற்றி நடந்தனர். துரையின் பெயர் கல்லில் பொறிக்கப்பட்டது. தோள் கொடுத்த இருபத்துநால்வர் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை.

பொகவந்தலாவையில் தூய மரியாள் தேவாலயத்து வளவில் ஆங்கிலப் பெண்மணி ஒருவர் அடங்கியிருக்கிறார். அவர் ஜூலியா மார்கரெட் கமரூன். டார்வின், டென்னிசன் போன்ற பெரியோரைப் படம்பிடித்து, நிழற்படத்தைக் கலையாக்கியவர் என்று உலகம் போற்றும் அப்பெருமாட்டி 1879இல் இலங்கையில் காலமானார். அவருடைய கணவரான சார்ள்ஸ் ஹே கமரூன், 1833இன் அரசியற் சீர்திருத்தத்துக்கு வழிகோலிய கோல்புறூக்–கமரூன் ஆணைக்குழுவில் ஒருவர். அவரும் அங்கேயே துயில்கிறார். அம்மையார் இங்கிலாந்தில் எடுத்த படங்களில் இருப்போரின் பெயரை உலகம் அறியும். இலங்கையில் எடுத்த படங்களில் உள்ள எளிய மக்களோ பெரும்பாலும் பெயரின்றியே நம்மைப் பார்க்கின்றனர்.

பெயருக்குப் பதிலாக எண்ணைத் தந்த காலமும் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தமிழ்நாட்டிலிருந்து தோட்டத்துக்கு வருவோருக்குத் தகரவில்லை ஒன்று கொடுக்கப்பட்டது. எந்த மாவட்டம், எந்தத் தோட்டம் என்பதற்குரிய குறிகள் அதில் பொறிக்கப்பட்டிருந்தன. வழிச்செலவும் உணவும் தோட்டக் கணக்கில் சேர, அவ்வில்லையைக் காட்டிக் காட்டியே அவர்கள் மலையேறினர். வழியில் உள்ள அதிகாரிக்கு முனியாண்டி என்றோ மீனாட்சி என்றோ அறிய வேண்டிய தேவை இருக்கவில்லை.

என் சிவப்பு மை

இவ்விடத்தில் என் பிழையொன்றையும் சொல்லவேண்டும். பண்டிதர் பட்டத்தோடு புதிதாய் ஆசிரியப் பணியேற்று, தோட்டப் பாடசாலை ஒன்றுக்குச் சென்ற காலம். ‘என் தாய்’ என்ற பொருளில் கட்டுரை எழுதப் பணித்தேன். ஒரு சிறுவன், “என் அம்மா விடியற்காலையில் பிரட்டுக்குப் போவார். பிறகு மலைக்குப் போய்க் கொழுந்து எடுப்பார். அந்தியில் காம்பராவுக்குத் திரும்புவார். சில நாள் அரைப்பேர் போட்டால் அழுவார்” என்று எழுதியிருந்தான்.

நான் சிவப்பு மையை எடுத்தேன். மலைக்குப் போவதாவது என்று அதை அடித்தேன். காம்பராவை அடித்து ‘அறை’ என்று எழுதினேன். அரைப்பேர் என்பது பொருளற்றது என்று வட்டமிட்டேன். பிரட்டு என்பது எழுத்துப்பிழை என்று கருதிப் ‘புரட்டு’ எனத் திருத்தினேன். மறுநாள் அச்சிறுவன் கொப்பியோடு வந்து நின்றான். “சேர், எங்கம்மா புரட்டுக்குப் போறதில்ல. பிரட்டுக்குத்தான் போறாங்க. அவங்க பொய் சொல்ல மாட்டாங்க” என்றான். அவன் குரலில் சினமில்லை. தாயின் பெயரைக் காப்பாற்றும் கவலை மாத்திரம் இருந்தது.

அதன்பின்னரே கேட்டறிந்தேன். ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் ‘பரேட்’ என்னும் ஆங்கிலச் சொல்லே பிரட்டு. அது நிகழும் இடம் பிரட்டுக்களம். காம்பரா போர்த்துக்கேயர் தந்த சொல். மலை என்பது தோட்டத்தில் குன்றை மட்டும் குறிப்பதன்று, தேயிலை நின்ற வேலைத்தலத்தையும் குறிக்கும். இவை எல்லாவற்றிலும் என்னை வியப்பில் ஆழ்த்தியது ‘பேர்’ என்னும் சொல்லாகும். நமக்குப் பேர் என்றால் பெயர், அல்லது புகழ். தோட்டத்திலோ பேர் என்றால் ஒருநாட் கூலி! வேலை முடிந்தால் பதிவேட்டில் ஒரு பேர் விழும். குறித்த நிறைக்குக் கொழுந்து குறைந்தால் அரைப்பேர். ஒரு மனிதரின் பெயரைப் பாதியாக வெட்டிக் கூலி கணக்கிட்ட சொல் தமிழில் வேறெங்கே உண்டு?

தொல்காப்பியனார் சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காக வகுத்தார். திசைச்சொல்லைக் குற்றம் என்று அவர் தள்ளவில்லை. நன்னூலுக்கு உரைகண்டோர், தமிழில் சொல் வந்து கலக்கும் பிறமொழி நிலங்களை எண்ணுகையில் சிங்களத்தையும் எண்ணினர். மூலத்தையும் உரையையும் மனப்பாடமாய் ஒப்பித்துப் பட்டம் பெற்ற நான், கண்முன் நின்ற திசைச்சொல்லைப் பிழையென்று அடித்தேன். கற்றது நூல், கல்லாதது ஊர்.

மூழ்கிய ஊரும் மூழ்காத பெயரும்

பழைய மஸ்கெலியா நகரம் இன்று நீருக்கடியில் இருக்கிறது. மவுசாகலை நீர்த்தேக்கம் 1969இல் அமைந்தபோது அது மூழ்கியது. வறட்சியில் நீர் வற்றும் நாட்களில் பழைய கோவிலின் கற்கள் வெளியே தெரியும். அப்போது சுற்றுப்புறத்து மக்கள் சென்று பார்த்து வருவர். ஊர் மூழ்கிற்று, பெயரோ கரையேறி, மேட்டில் எழுந்த புதுநகரில் குடிபுகுந்தது. பெயரைக் காப்பவர் இருந்தால் அது நீரிலும் அழியாது.

அந்நகரிலிருந்து மேலே சென்றால் நல்லதண்ணி. ஒளிவுமறைவில்லாத தமிழ்ப் பெயர்! 2,243 மீற்றர் உயரமுடைய சிவனொளிபாதமலைக்கு அட்டன் வழியாக ஏறுவோருக்கு அதுவே வாயில். மார்கழி முழுநிலவு தொடங்கி வைகாசி முழுநிலவு வரை அடியார் கூட்டம் அங்கே அலைமோதும். உச்சியில் ஞாயிறு எழும் வேளையில் மலையின் நிழல் மேற்கே முக்கோணமாய் விழும் காட்சியைக் கண்டவர் மறவார். சிவனார் திருவடி என்று சைவர் தொழும் அச்சுவட்டைப் பௌத்தர் புத்தபிரான் பாதமென்று வணங்குவர். இசுலாமியருக்கு அது பாவா ஆதம் மலை. 1344இல் இப்னு பத்தூத்தா அதில் ஏறிச் சென்றார். சமனல மலை என்ற பெயரும் அதற்குண்டு. ஒரு மலைக்கு இத்தனை பெயர். ஒன்று மற்றொன்றை அழிக்கவில்லை. ஒரே படிக்கட்டில் எல்லாப் பெயரும் ஏறி இறங்குகின்றன.

ஆசிரியர்க்கும் மாணவர்க்கும்

அம்மலைக்குக் கிடைத்த பேறு, அதன் அடியிலுள்ள ஆயிரமாயிரம் சிறு மலைகளுக்குக் கிட்டவில்லை. தோட்டத்து வரைபடத்தில் அவை ‘ஐந்தாம் நம்பர்’, ‘பதினோராம் நம்பர்’ என எண்களாய் நிற்கின்றன. மக்கள் வழக்கிலோ கோயிலால் ஒன்றும், வாய்க்காலால் ஒன்றும், முன்னொருநாள் அங்கே வழுக்கி விழுந்து இறந்த ஒருத்தியின் பெயரால் ஒன்றுமாக அவை பெயர் பெற்றிருக்கின்றன. இப்பெயர்கள் கிழவர் நினைவிலன்றி வேறெங்கும் இல்லை.

1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இம்மக்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964இல் இரு நாட்டுப் பிரதமர்கள் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்தது. கப்பலேறிய ஒவ்வொரு முதியவரோடும் சில மலைகளின் பெயர்களும் கப்பலேறின. எஞ்சியோருக்குக் குடியுரிமை முழுமையாய்க் கைகூட 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரவேண்டியிருந்தது. லயங்களில் வாழ்வோர்க்குத் தனி முகவரி இன்மையால், கடிதங்கள் தோட்ட அலுவலகத்துக்குப் போய், அங்கிருந்தே அவர்களிடம் சேர்ந்தன. இடத்துக்குப் பெயர் இல்லாவிடில் ஆளுக்கு முகவரி எங்ஙனம் வரும்?

ஆதலின் ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பள்ளி விடுமுறையில் மாணவர்க்கு வேறு பயிற்சி தரவேண்டாம். ஒவ்வொருவரும் தம் பாட்டியிடமோ பாட்டனிடமோ அமர்ந்து, தோட்டத்தில் எந்த மலைக்கு என்ன பெயர், அது ஏன் வந்தது என்று கேட்டு எழுதிவரட்டும். பிரட்டையும் கவ்வாத்தையும் துண்டையும் அவர்கள் சொன்னவாறே எழுதட்டும். சிவப்பு மை மேசைக்குள் உறங்கட்டும். ஒரு பள்ளி ஒரு தோட்டத்தைப் பதிவு செய்தாலும், ஒரு தலைமுறைக்குள் மலைநாட்டின் தமிழ்ப் பெயர்க் களஞ்சியம் நம் கைக்கு வந்துவிடும்.

அம்மலைகளில் வெயிலிலும் மழையிலும் நின்றோர்க்கு ஊதியம் கொடுக்கும் ஆற்றல் தமிழாசிரியரிடம் இல்லை. ஆனால் பேர் போடும் ஏடு நம் கையில் இருக்கிறது. இதுகாறும் நாம் போட்டு வந்தது அரைப்பேர். இனியேனும் முழுப்பேர் போடுவோம்.